மூன்றாவது சிலிண்டர்

கார் நின்றுபோய்ப் பத்தொன்பது நாட்கள்.

சாவியைத் திருப்பினால் ‘டக்’கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கார் அசையவில்லை.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு மழைத்தண்ணீர் வாசலில் ஹெட்லைட் வரை நின்று வடிந்திருந்தது. மெக்கானிக் வரும்வரை யாரும் சாவியைத் தொடக்கூடாது என்று குமரேசன் சொல்லியிருந்தான். பூஜை கழிந்து மெக்கானிக் வந்தார். ஏர் ஃபில்டரில் நின்ற தண்ணீரைக் கொட்டி, காயவைத்துவிட்டே சாவி போட்டார்.

இன்ஜின் ஜாம் என்றார்.

நாளை பழைய வண்டி வாங்குபவர் வருகிறார்.

பழி குமரேசன்மேல். முடிச்சூரில் எல்லோரும் மழைக்கு முன்பே வண்டிகளை மேம்பாலத்தில் ஏற்றிவிட்டார்கள். அவன் ஏற்றவில்லை. அப்பா திட்டினார். அவன் ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

வீட்டில் இருந்தவள் அவன் மனைவி. இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம். இயற்பியல் படித்தவள். பானெட்டைத் திறந்து பார்க்கட்டுமா என்று மாமனாரிடம் கேட்க அவளுக்கு மூன்று நாள் பிடித்தது.

“பாரேம்மா. நாளைக்குப் போற வண்டிதானே.”

கழற்றிய போல்ட்டுகளைப் போட ஒரு சாப்பாட்டுத் தட்டை நீட்டியபடி அவரும் வந்து நின்றார். ஓய்வுபெற்ற மாதம் அவர் வாங்கிய கார். ஞாயிறு தவறாமல் அவரே கழுவுவார்.

பேட்டரி நன்றாக இருந்தது.

பெல்ட்டைக் கழற்றினாள். கையால் சுற்றிப் பார்த்தாள். டைனமோ சுழன்றது. ஏசி சுழன்றது.

கோளாறு உள்ளேதான்.

நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்தாள். மூன்று உலர்ந்திருந்தன. மூன்றாவது சிலிண்டரின் பிளக்கில் மட்டும் துரு. அந்தத் துளைக்குள் ஒரு மெல்லிய குழாயை விட்டு சிரிஞ்சால் இழுத்தாள்.

பழுப்பு நிறத்தில் தண்ணீர்.

நிற்கிற இன்ஜின் இவ்வளவு தண்ணீர் குடிக்காது; சாவி போட்டுச் சுழன்றால்தான் உள்ளே இழுக்கும். மெக்கானிக் வருவதற்கு முன்பே யாரோ சாவியைத் திருப்பியிருக்க வேண்டும்.

அவள் நிமிரவில்லை.

“தண்ணி இருக்காம்மா?”

“கொஞ்சம்தான் மாமா.”

அவர் தட்டிலிருந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தார்.

தண்ணீர் முழுவதையும் இழுத்து எடுத்தாள். துரு இளக நான்கு துளைகளிலும் டீசல் ஊற்றினாள். ஊறட்டும் என்றாள். இருவரும் படியில் உட்கார்ந்து மோர் குடித்தார்கள். எதிர்வீட்டுப் பூனை காரின் கூரைமேல் ஏறிப் படுத்தது. அவர் விரட்டவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து, கீழே, இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் புல்லிச் சக்கரத்தின் நடு போல்ட்டில் ஸ்பானரை மாட்டினாள். அதன் முனையில் ஓர் இரும்புக் குழாயைச் செருகினாள். முழு பலத்தையும் போடவில்லை. உள்ளே பிஸ்டனைத் தாங்கும் ராடு வளைந்திருந்தால் உடைந்துவிடும்.

முன்னால். பின்னால்.

அசைந்தது. நகக்கண் அளவு.

முன்னால். பின்னால்.

விரல் அளவு.

பிறகு சட்டென்று வழிவிட்டது. மூன்றாவது துளையிலிருந்து டீசல் பீறிட்டு அவருடைய பனியன் முழுக்கத் தெறித்தது.

“இதுக்கு என் மேல என்னம்மா கோவம்?” என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த வீட்டில் அவள் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு முழுச் சுற்று சுற்றினாள். எங்கும் இடிக்கவில்லை. ராடு வளையவில்லை. ஆயிலை மாற்றினால் ஓடும்.

கையைத் துடைத்துக்கொண்டு கணவனை அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

“இன்ஜின் சுத்துதுங்க. விக்க வேணாம்.”



“அப்பா பக்கத்துல இருக்காரா?”

“இருக்காரு.”

“அப்பா… தப்பு எம்மேலதான்பா. மேம்பாலத்துல கொண்டுபோய் விட்டிருக்கணும்.”

அவள் ஃபோனை அவரிடம் நீட்டினாள். அவர் உடனே வாங்கவில்லை. தட்டைப் படியில் வைத்தார். டீசல் கையை வேட்டியில் துடைத்தார். அவளைப் பார்த்தார். அவள் பார்வையை விலக்கவில்லை.

ஃபோனை வாங்கினார்.

“டேய் குமரேசா. ஆயுத பூஜை அன்னிக்குக் காலைல, நீங்கல்லாம் எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சுட்டேன். நல்ல நேரம் முடியறதுக்குள்ள ஏத்தி நசுக்கிடணுமேன்னு நான்தான்டா சாவியத் திருப்பினேன்.”