ராகுகாலத்துக்குப் பிறகு பிங்யாவ்

பிராங்பேர்ட் வீட்டில் நேசமலர் காஞ்சிபுரம் சேலை உடுத்தி, தலைக்குப் பூவும் வைத்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தாள். வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போக வேண்டுமாம்.

பக்கத்தில் மகன் நிசாந்த் ரிமோட்டோடு இருந்தான். கூடப் படித்த சீனப்பெண் லின்னைக் கட்டப்போகிறேன் என்று அவன் சொன்ன நாளிலிருந்து, அவள் முகத்திலேயே முழிக்கமாட்டேன் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். போட்டோவைக்கூடப் பார்க்கவில்லை.

லின் விடுமுறைக்கு ஊருக்குப் போனது வசதியாய்ப் போயிற்று. பக்கத்து அறையில் இருந்தபடியே போனில் அவளோடு திட்டம் போட்டான். சீனாவில் ஒரு பழைய மதில் நகரத்தை நேரலையில் சுற்றிக் காட்டுகிறார்கள், வழிகாட்டிப் பெண் ஜெர்மன் பேசுவாள் என்று அம்மாவுக்கு ஒரு புளுகு விட்டான். முதலில் பிடிக்கட்டும், யாரென்று பிறகு சொல்லலாம்.

பதினொரு மணிக்கு என்றதற்கு, ராகுகாலம் கழியட்டும் என்று அம்மா பன்னிரண்டுக்குத் தள்ளினாள். ராகுகாலத்தில் துணி தோய்க்கும் மெஷினையே போடாத மனுசி. அவனும் லின்னுக்கு நேரத்தை மாற்றிச் சொன்னான்.

அங்கே மாலை வெயில். பிங்யாவ் நகரத்து மதில்மேல் நடந்து, காவற்கோபுரங்களையும் சிவப்பு விளக்குகள் தொங்கும் தெருவையும் காட்டிய லின், கடைசியில் நடுவே முற்றமும் நாலு பக்கமும் அறைகளுமான ஒரு நாற்சார் வீட்டுக்குள் நுழைந்தாள். கூரைகள் எல்லாம் உள்ளுக்குத்தான் சரிந்திருந்தன. மழைத்தண்ணீர் வெளியே போகாமல் முற்றத்திலேயே விழுமாம்.

"சிக்கனமான சனம்," என்றாள் நேசமலர்.

அதோடு விட்டாளா? வீட்டுவாசல் எந்தத் திசை, வீட்டில் எத்தனை பேர், கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று ஜெர்மனில் அடுக்கிக்கொண்டே போனாள். மதிலைப் பற்றிக் கேட்காமல் இதென்ன விசாரணை என்று நிசாந்த் திகைத்தான். லின் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

முற்றத்தில் நல்ல உடுப்புப் போட்டிருந்த ஒரு தம்பதி தலை குனிந்து வணங்கினார்கள். வீட்டுக்காரராக்கும் என்று நிசாந்த் மழுப்பினான். நேசமலர் எழுந்து நின்று கைகூப்பினாள்.

திரை அணைந்தது. நிசாந்த் மெதுவாகக் கேட்டான்.

"எப்பிடியம்மா, ஊர் வடிவோ?"

"ஓம், வடிவான ஊர்."

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. கோயிலுக்குக் காரில் கொண்டுபோய் விடட்டுமா என்றான்.

"கோயில் பின்னேரம்தான் திறப்பினம்."

"பின்னை ஏனம்மா இப்பவே சேலை?"

நேசமலர் சேலையின் கொய்யக மடிப்பைச் சரிசெய்தாள்.

"சம்பந்தியாக்களுக்கு முன்னாலை வீட்டுச்சட்டையோடை இருக்க ஏலுமே?"