துடைத்த தரை

அக்காவுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்கத்தான் கொழும்பிலிருந்து குண்டசாலைக்கு வந்தேன்.

"நீ கண்டிக்குப் போய்ட்டு வாக்கா. அப்பாவ நான் பாத்துக்கிறேன்."

"இருடா, அப்பாவ நடக்க வைக்க..."

"எல்லாம் எனக்குத் தெரியும். பஸ் போயிரும், ஓடு."

அப்பாவுக்குப் பார்க்கின்சன் வந்து ஒன்பது வருடம். அவரைக் கதிரையில் உட்கார வைத்துவிட்டு வீட்டைக் கூட்டித் துடைத்தேன். கதிரையிலிருந்து பாத்ரூம் வரை தரையில் குறுக்குக் குறுக்காகச் சிவப்பு டேப். அக்கா மகள் விளையாடி ஒட்டியிருப்பாள். ஒன்று விடாமல் உரித்தேன்.

பத்து மணிக்கு அப்பா பாத்ரூம் போகணும் என்றார். தூக்கி நிறுத்தினேன். கால் நகரவில்லை. கை மட்டும் தரைப்பக்கம் நீண்டு ஆடியது. வழக்கமான நடுக்கம்.

"நடங்கப்பா. அக்கா சொன்னா நடக்கிறீங்க, நான் சொன்னா வீம்பா?"

நின்ற இடத்திலேயே இடுப்பில் கட்டியிருந்த சாரம் நனைந்தது. வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

சாயங்காலம் அக்கா வந்ததும் தரையைத்தான் பார்த்தாள்.

"டேப்பெல்லாம் எங்கடா?"

"பாப்பா ஒட்டுனதுதானே. உரிச்சிட்டேன்."

"நான் ஒட்டுனது. கோட்டப் பாத்தாத்தான் அப்பாவுக்கு அதத் தாண்ட கால் எழும்பும். இல்லாட்டி அப்படியே நின்னுருவாரு."

அப்பாவை எழுப்பி, கையிலிருந்த குடையை அவர் காலடியில் குறுக்காக வைத்தாள். அப்பா அதைத் தாண்டினார். குடையை எடுத்து மறுபடி வைத்தாள். மறுபடி தாண்டினார்.

என்னருகே வந்ததும் நின்று, காற்று மாதிரியான குரலில் அக்காவிடம் சொன்னார்:

"அவன ஏசாதம்மா. வீட்ட நல்லா தொடச்சிருக்கான்."