அஸர் நேரத்துக் கடல்

அத்தாவின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓத வந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். குவார்ட்டர்ஸ் ஜன்னல் வழியே சாய்வெயில், சுரங்கத் தூசியோடு உள்ளே விழுகிறது. ஷப்னம் மடிக்கணினியில் கடற்படங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறாள். வங்கக் கடலின் பெரிய சுழல் ஒன்றுக்குள் கேமராவை இறக்கி, மிதவை உயிரிகளைப் படமெடுக்கும் உத்தியோகம். பூச்சிக்குப் பேர் வைக்கக் கப்பலேறிய மகாராணிக்கு, அத்தாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கரை மூன்று நாள் தூரத்தில் இருந்தது. “கடலே இல்லாத ஊர்ல பொறந்துட்டு ஒனக்கு ஏன்டி இந்த வேல?” கணவனை இழந்தவள் காக்கும் இத்தா காலத்து வெள்ளைப் புடவையில் அம்மா தாஜ் பீவி பக்கத்தில் வந்து உட்காருகிறாள். பிறகு மெதுவாக, “சாயங்காலம் அஸர் தொழுது அத்தாவ அடக்குனாங்களே, அந்த நேரத்துப் படம் இருக்கா?” ஒவ்வொரு படத்திலும் நேரம் பதிந்திருக்கிறது. நான்கு ஐம்பது. கறுப்புத் தண்ணீரில் கண்ணாடி போல ஓர் உயிர், நொய்யரிசி அளவுகூட இல்லை, மீசையை விரித்து நிற்கிறது. வாலோரம் முட்டைப் பை. அம்மா முந்தானையால் திரையைத் துடைக்கிறாள். “இது இன்னும் இருக்குமா?” சுழல் இருக்கும்வரை இவற்றைக் கலையவிடாமல் உள்ளேயே வைத்திருக்கும். அது உடைந்துவிட்டதாக நேற்றுதான் செயற்கைக்கோள் படம் வந்தது. ஒன்பது வருடப் படிப்பு ஷப்னத்துக்கு ஒரே பதிலைத்தான் சொல்லித் தந்திருக்கிறது: இருக்காது. “அங்கதாம்மா சுத்திகினு இருக்கு” என்கிறாள்.