ஆப்பு

பள்ளி அறிவியல் கண்காட்சியில் அவள் மேசை மட்டும் காலியாக இருந்தது. அவள் அதன் பின்னால் நிமிர்ந்து நின்றாள்.

பக்கத்து மேசையில் கப்பி. அதற்கடுத்து நெம்புகோல். தெர்மாகோல், கலர் பேப்பர், ஜிகினா. எல்லாம் ஜோராகத்தான் இருந்தன.

அவள் மேசையில் ஓர் அட்டை மட்டும். ‘ஆப்பு. செயல்படும் மாதிரி. கோகிலவாணி, எட்டாம் வகுப்பு.’

சுதா டீச்சர் அட்டையைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“எங்கடி ப்ராஜெக்ட்?”

“வேலையில இருக்கு டீச்சர்.”

சுற்றி நின்ற பையன்கள் சிரித்தார்கள்.

எளிய இயந்திரங்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்ட அன்றும் இதே சிரிப்புத்தான். அவள் தன் சீட்டைப் பிரித்து வாசித்ததும் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. யாருக்கு ஆப்பு வைக்கப்போகிறாய் என்று வராந்தா வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார்கள். டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தார். பிறகு, கோடாலிப் படம் ஒட்டி ஒரு சார்ட் எழுதி வந்தால் போதும் என்றார்.

அவள் கோடாலியைப் பற்றி யோசிக்கவில்லை. கதவைப் பற்றி யோசித்தாள்.

மாணவிகள் கழிப்பறைக் கதவு. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள். அவற்றிலும் பேப்பரைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும். காவலுக்கு ஆள் இல்லாவிட்டால், ஒரு காலைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தபடி உட்கார வேண்டும். அப்படியும் பையன்கள் தள்ளிவிட்டு ஓடுவார்கள்.

பக்கத்தில் உட்காரும் சபீனாவுக்குப் போன மாதம் அப்படி நடந்தது.

அன்றிலிருந்து சபீனா பள்ளிக்கூடத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. கடைசிப் பீரியடில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பாள்.

சொல்லாமலா இருந்தார்கள்? சொன்னார்கள். அடுத்த மீட்டிங்கில் பேசலாம் என்றார் டீச்சர். மீட்டிங் வந்தது, போனது. சமோசா நன்றாக இருந்ததாம்.

உடைந்த பெஞ்சின் கால் ஒன்றை எடுத்துவந்து, ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் வருகிற மாதிரி சிமெண்டுத் தரையில் வைத்துத் தேய்த்தாள். உள்ளங்கை கொப்பளித்தது. முதலில் செய்தது ஈரத் தரையில் வழுக்கிக்கொண்டு போயிற்று. சைக்கிள் டியூபை வெட்டி அடியில் வைத்து ஆணி அடித்தாள். சபீனாவை உள்ளே அனுப்பி, கதவுக்கு அடியில் அதைச் செருகச் சொன்னாள். வெளியிலிருந்து அவளே மூச்சுப் பிடித்துத் தள்ளினாள்.

தள்ளத் தள்ள இறுகியது.

தோள் வலித்தது. அவ்வளவு சந்தோஷமாக அவளுக்கு எதுவும் வலித்ததில்லை.

இன்று காலை மணியடித்ததும் சபீனாதான் முதலில் அதை வாங்கிக்கொண்டு போனாள். வெளியே வந்தவள் அடுத்தவள் கையில் கொடுத்தாள். அவள் அதற்கடுத்தவளிடம். அது இன்னும் மேசைக்குத் திரும்பவில்லை.

“வாய்க்கொழுப்பப் பாரு” என்றார் டீச்சர். “மேடம் வர்றதுக்குள்ள அது இங்க இருக்கணும். இல்லேன்னா மார்க் கிடையாது.”

அவள் அசையவில்லை.

மார்க் போனால் போகட்டும். ஒருத்தி உள்ளே இருக்கும்போது அதைப் பிடுங்கிக்கொண்டு வர அவளால் முடியாது.

கல்வி அலுவலர் மேடம் வந்தார். காலையிலிருந்து எத்தனை பள்ளிக்கூடம் ஏறி இறங்கினாரோ, முகம் வாடிப்போயிருந்தது. கப்பியைப் பார்த்துக் கை தட்டினார். காலி மேசை வந்ததும் டீச்சர் குறுக்கே நின்றுகொண்டு, “இந்தப் பக்கம் வாங்க மேடம்” என்று சிரித்தார்.

எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு, மேடம் டீச்சரின் காதருகே குனிந்து ஏதோ கேட்டார்.

டீச்சரின் சிரிப்பு நின்றது.

ஆசிரியர் கழிப்பறைக்குப் பூட்டு உண்டு. சாவியும் உண்டு. சாவியை வைத்திருக்கிற பெரிய டீச்சர் அன்று லீவு.

இருவரும் பள்ளிக்குப் பின்பக்கம் நடந்தார்கள். யாரும் கூப்பிடாமலே அவளும் பின்னால் போனாள்.

கதவுக்கு முன்னால் வரிசை நின்றது. உள்ளே யாரோ ஒருத்தி பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

“யாருடி உள்ள? சீக்கிரம் வா, மேடம் நிக்கிறாங்க!”

பாட்டு நின்றது.

டீச்சர் கதவைக் கையால் தள்ளினார். பிறகு தோளால். பையன்கள் தள்ளுவதும் அப்படித்தான்.

கதவு இம்மியும் நகரவில்லை.

“தாழ்ப்பாள் எப்ப போட்டாங்க?”

“தாழ்ப்பாள் இல்ல டீச்சர். ஆப்பு.”

யாரும் சிரிக்கவில்லை.

“எடு அதை.”

“வெளிய இருந்து எடுக்க முடியாது டீச்சர். உள்ள இருக்கிறவங்கதான் எடுக்கணும்.”

டீச்சரின் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள்.

மேடம், பேப்பர் அடைத்த அந்த நான்கு ஓட்டைகளைப் பார்த்தார். நடந்துபோய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார்.

டீச்சரின் கை இன்னும் கதவின் மேலேயே இருந்தது. மெதுவாக எடுத்துக்கொண்டார்.



பிறகு உள்ளே, விட்ட இடத்திலிருந்து பாட்டு மறுபடி தொடங்கியது.