துடுப்பில் ஒரு நாடி

தம்பதிகளின் நெருக்கத்தை நாடித்துடிப்பில் அளப்பது என் வேலை. இருவர் விரலிலும் கிளிப் மாட்டினால், நெருங்கியவர்களின் துடிப்பு மெல்ல ஒன்றாகும்.

மேனுகா அக்காவின் கணவர் சென்ற மாரியில் வாவியில் மூழ்கி இறந்தவர். அக்கா இன்னும் அவருடன் பேசுகிறார் என்று அவரது மாமியார் என்னை வரவழைத்தார்.

கரையில் கட்டிய தோணியில் இருந்தோம். அக்காவின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினேன்.

“மாமி எனக்கு விசரெண்டு சொல்லியிருப்பா. மற்றதத் தாங்க மிஸ், அவருக்கும் மாட்டுவம்.”

வாவி மீன்கள் பாடுவதைத் துடுப்பில் காதுவைத்துக் கேட்க எங்கள் ஊரார் இறக்குவதுபோல், துடுப்பை நீருக்குள் இறக்கி, மற்றக் கிளிப்பை அதன் பிடியில் மாட்டினார்.

திரையில் இரண்டு எண்கள் வந்தன. இரண்டும் எழுபத்திரண்டு.

“மெஷின் பிழை அக்கா. துடுப்ப எடுங்க.”

எடுத்தார். இரண்டும் பூச்சியமாயின.

“இப்ப நம்புறீங்களா?” என்று சிரித்தார்.

அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி இல்லை.

மணிக்கட்டை விடாமல், மற்றக் கையால் துடுப்பை நானே மெதுவாக நீரில் இறக்கினேன். என் விரலடியில் அக்காவின் நாடி எழுந்தது.