ஆரினின் ஃப்ரீசர்

மினசோட்டாவில் நல்ல பிப்ரவரிக் குளிர். நண்பன் ஆரினின் கராஜில் கிடந்த பெரிய ஃப்ரீசரைப் பீர் ஊற்றும் பெட்டியாக்கிவிட வேண்டுமென்று, குழாயும் பீப்பாயுமாக வந்து இறங்கிவிட்டான் வெர்ன்.

“மே மாசம் ஆகட்டும்டா. அதுவரைக்கும் மார்லிஸுக்கு அது வேணும்.”

“பொண்டாட்டிக்கு இப்படியா பயப்படுவே! நாம காய்ச்சின பீர் வீணாப் போயிடும்டா. இதோ, குளிரைக் குறைச்சு மூணு டிகிரிக்குக் கொண்டுவந்துட்டேன்.”

ஆரின் பதறி ஓடிவந்தான். “ஐயோ, கூட்டுடா! உருகிடும்!”

“என்ன, மான்கறியா?” சிரித்துக்கொண்டே மூடியைத் தூக்கினான் வெர்ன்.

உள்ளே பூப்போட்ட போர்வைக்குள் மார்லிஸ் படுத்திருந்தாள்.

“புத்தாண்டன்னிக்குத் தூக்கத்துலயே போயிட்டாடா. ஏரிக்கரையிலதான் புதைக்கணும்னு கேட்டிருந்தா. மண்ணு இப்ப கல்லா உறைஞ்சு கிடக்கு. மே மாசந்தான் தோண்ட முடியும்.”

வெர்ன், விலகியிருந்த போர்வையை அவள் தோள்வரை இழுத்துவிட்டான். மூடியை மெல்ல இறக்கி, குளிரைப் பழையபடி கூட்டினான்.