தெள்ளுப்பூச்சி பூதமான கதை

மூக்குக்கண்ணாடி செய்பவர் ஒருவர், விளையாட்டாக ஒரு குழாயின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் இரண்டு கண்ணாடி வில்லைகளைப் பொருத்தி, அதன் வழியாக மேசையில் ஊர்ந்த தெள்ளுப்பூச்சியைப் பார்த்தார். "ஐயோ, பூதம்!" என்று அலறி நாற்காலியோடு விழுந்தார்.

"பூதமாக்கியது நான்," என்றது மேல் வில்லை.

"நான் இல்லாவிட்டால் நீ வெறும் மூடி," என்றது கீழ் வில்லை.

தெள்ளுப்பூச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்கள் யார் என்னைப் பூதமாக்குவதற்கு? பிறந்ததிலிருந்தே நான் பூதம்தான். பார்க்கத் தெரிந்த ஆள் இன்றைக்குத்தான் வந்திருக்கிறார்."

அதே மிடுக்கோடு, வாசலில் தூங்கிய நாயின் முதுகில் தாவியது. "எழுந்திருடா, பூதம் வந்திருக்கிறேன்!"

நாய் கண்ணைக்கூடத் திறக்காமல் பின்னங்காலால் ஒரு சொறி சொறிந்தது.

உள்ளே, குழாய்க்குக் கீழே ஒன்றுமே இல்லை. பூதத்தை உண்டாக்கியது யார் என்று வில்லைகள் மட்டும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.